தைப்பூசத்துக்கு ஊர் திரும்பும் அலைச்சறுக்குக்காரர்களுக்கு: வெட்சூட் வேண்டாம், சித்தி கேட்டாலும்

மெல்பர்னிலிருந்தோ லண்டனிலிருந்தோ தைப்பூசத்துக்குப் பினாங்கு திரும்புகிறவர்களில் அலைச்சறுக்குப் பழகியவர்களும் இப்போது உண்டு. தண்ணீர்மலை முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அப்படியே கடலிலும் இறங்கலாம் என்று நினைப்பார்கள். பினாங்கில் அது நடக்காது. சுமத்ரா குறுக்கே கிடப்பதால் இந்தியப் பெருங்கடலின் அலை மலாக்கா நீரிணைக்குள் வருவதற்குள் செத்துவிடும். பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் பலகையோடு நின்றால் ஜெட்ஸ்கிக்காரர்தான் பேரம் பேச வருவார்.

அலைக்கு மலேசியாவின் கிழக்குக் கரை. பகாங் மாநிலத்தில், குவாந்தானுக்கு வடக்கே செராத்திங். கோலாலம்பூரிலிருந்து காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரைதான் அங்கே சீசன். தைப்பூசம் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

அந்தக் கடல் ஆண்டிலேயே அதிகம் குளிர்வதும் அப்போதுதான். குளிர் என்றால் சுமார் 26, 27 டிகிரி! மே, ஜூனில் 30ஐ நெருங்கும். ஆஸ்திரேலியாவில், விக்டோரியாவின் டார்க்கியில் ஆகஸ்டு, செப்டம்பரில் 13, 14 இருக்கும். இங்கிலாந்தின் கார்ன்வாலில் மார்ச் மாதம் 9, 10. டார்க்கியில் நாம் போடும் 4/3 வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை, உடம்புக்கு 4 மில்லிமீட்டர் தடிப்பு, கைகாலுக்கு 3, செராத்திங்கில் எதற்கும் ஆகாது. முழுக்கை லைக்ரா சட்டை போதும். வெயிலும் தாங்கும், மெழுகு தேய்த்த பலகை நெஞ்சை உராயாது. மழைக்காற்றில் நடுங்குகிறவர்கள் 1 மில்லிமீட்டர் வெட்சூட் மேல்சட்டை கொண்டுபோகலாம்.

இதையெல்லாம் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்தியிடம் யார் சொல்வது? குவாந்தானில் படிக்கும் அவர் மகன் பலகை ஏறப் பழகுகிறான். "அங்க மழைக்காலம்டா, காத்து ஊசியா குத்துது. நீ போட்டோவுல போட்டிருக்கியே, அதே தடிப்புல தம்பிக்கு ஒண்ணு வாங்கிட்டு வா." அளவு கேட்டேன். "எம் போடுவான். நீ எல் வாங்கு, வளர்ற புள்ள." பள்ளிச் சீருடை எடுக்கிற கணக்கு.

வெட்சூட்டில் அந்தக் கணக்கு செல்லாது. வெட்சூட் செய்யும் நியோபிரீன் ரப்பருக்குள் அடைபட்ட நுண்குமிழிகள்தான் உடல் சூட்டைத் தடுத்து வைக்கின்றன. தோலை ஒட்டி உள்ளே தங்கும் கொஞ்சம் தண்ணீரையும் உடம்பே சூடாக்கிக்கொள்ளும். இடுப்புக்கு மேலே முதுகிலும் அக்குளிலும் தொளதொளவென்று பை போலத் தொங்கினால், ஒவ்வொரு முறை விழும்போதும் புதுத் தண்ணீர் புகுந்து அந்தச் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். குளிர் நாட்டில்கூடத் தளர்ந்த 4/3ஐவிட உடம்போடு ஒட்டிய 3/2 மேல். உயரம், எடை, மார்பளவு மூன்றும் தெரியாமல் வாங்கவே கூடாது.

போனில் இதைச் சொன்னேன். "வாங்க மனசில்லன்னா சொல்லிடு" என்றார். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் கஞ்சி வைத்துக் கொண்டுபோனது சித்தி. நான் அப்போது மெல்பர்னில் வீடியோ காலில் இருந்தேன். அப்புறம் என்ன, வாங்கினேன்.

செராத்திங் கார் நிறுத்துமிடத்திலேயே தம்பி அதை மாட்டிக்கொண்டான். மணலைத் தாண்டும் முன்பே முகம் சிவந்துவிட்டது. பலகையில் படுத்துக் கொஞ்ச நேரம் கையால் துடுப்புப் போட்டவன் தலை சுற்றுகிறது என்று கரையேறினான். கழற்றும்போது மணிக்கட்டில் சிக்கிக்கொண்டது; ஒரு கையை நான் இழுக்க, அவன் காரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கணுக்காலிலிருந்து உருவியதும் வேர்வையும் கடல்நீருமாகச் சரேலென்று கொட்டியது. அந்த வெப்பத்தில் இன்னும் அரை மணி நேரம் இருந்திருந்தால் மயங்கியே விழுந்திருப்பான்.

சித்தியின் தீர்ப்பு: "மட்டமான சரக்கு. மாத்திட்டு வேற வாங்கி அனுப்பு." தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலில் மோர் வாங்கப் போன இடத்தில்கூட, "புள்ளைக்கு மூச்சு முட்டுற சட்டையா கொடுத்தே?" என்று தெரியாத ஒரு பாட்டி கேட்டார்.

மறுக்க முடியாத சொந்தம் கேட்டால் லைக்ரா சட்டையே வாங்கிப் போங்கள். ஒரு சைஸ் பெரிசானாலும் குடி முழுகாது. பெட்டியிலும் இடம் அடைக்காது, ஈரமான வெட்சூட்டின் கனமும் நாற்றமும் கிடையாது.

செராத்திங்கில் கனமழைக்குப் பிறகு ஆற்றுவாய்ப் பக்கம் இறங்காதீர்கள். மரக்கட்டை மிதந்து வரும். பினாங்கில் சும்மா நீந்துவதானாலும் கைகால் மூடிய லைக்ரா நல்லது, பெட்டி ஜெல்லிமீன் அங்கே உண்டு. கொட்டினால் தேய்க்காமல் வினிகர் ஊற்றிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வினிகர் சித்தி வீட்டு அடுப்படியிலேயே இருக்கும், இந்த ஒரு முறை நாம் கேட்டு வாங்கலாம்.