சேரிங்கிராஸை நின்று பார்க்கும் முறை

உதகைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சேரிங்கிராஸை வண்டியின் ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தாவரவியல் பூங்காவுக்கும் கமர்சியல் சாலைக்கும் குன்னூருக்கும் வழி பிரிகிற இந்தச் சந்திப்பை ஊரின் முற்றமாகக் காண விரும்புகிறவர், காலை ஆறரை மணிக்கெல்லாம் நடந்தே வந்துவிட வேண்டும். மே மாத மலர்க்காட்சி நாட்களில் பொழுது ஏறிவிட்டால் சாலையைக் கடப்பதே பெரும்பாடாகிவிடும்.

முதலில் பெயரைக் கவனியுங்கள். 'கிராஸ்' என்பது சாலைச் சந்திப்பைக் குறிப்பதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது சிலுவை. இங்கிலாந்தின் அரசி எலினோர் 1290இல் இறந்தபோது, அவருடைய உடல் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட வழியில் தங்கிய ஊர்களிலெல்லாம் கணவர் முதலாம் எட்வர்டு நினைவுச் சிலுவை எழுப்பினார். அவற்றுள் கடைசியானது லண்டனை அடுத்திருந்த சேரிங் என்னும் சிற்றூரில் அமைந்தது. அந்தச் சிலுவை 1647இல் இடிக்கப்பட்ட பின்னும் பெயர் மட்டும் அங்கே நிலைத்து, சொந்த ஊர் ஏக்கம் தீராத வெள்ளைக்காரர்களோடு நம் மலைக்கும் ஏறி வந்துவிட்டது.

அடுத்து, நடுவிலுள்ள ஆடம் நீரூற்றை ஒருமுறை சுற்றி வாருங்கள். 1880 டிசம்பரில் சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பேற்ற வில்லியம் பேட்ரிக் ஆடம், 1881 மே மாதம் இதே ஊரில் காலமானார். ஐந்து மாத ஆட்சிக்கு இது சற்றுப் பெரிய நினைவுச் சின்னம்தான், 1886இல் எழுப்பப்பட்டது. படமெடுக்க வேண்டுமானால் எதிர்ப்புற நடைபாதையில் நின்று எடுங்கள். அப்போதுதான் அடுக்குகள் முழுமையாகத் தெரியும்.

பிறகு கமர்சியல் சாலை வழியே மார்க்கெட்டை நோக்கி நடந்து செல்லுங்கள். இடையில் ஒரு பேக்கரியில் நின்று, தேநீரில் தொட்டவுடன் ஏடு ஏடாகப் பிரியும் வர்க்கியைச் சாப்பிடுவது நேர விரயமாகாது. சேரிங்கிராஸில் கூட்டம் சேருமே தவிர, கூட்டம் நடப்பது அரிது. கோரிக்கை முழக்கத்தையும் கட்சிக் கொடிகளையும் பார்க்க ஏ.டி.சி. சுதந்திரத் திடலுக்குத்தான் போக வேண்டும். செவ்வாய்க்கிழமையாக இருந்தால் சந்தையும் சேர்ந்துகொள்ளும். வெள்ளை முண்டும் தலைத்துணியுமாக வரும் படுகப் பாட்டிமார் காய்க்கு விலை பேசுவதைச் சற்று ஒதுங்கி நின்று கேளுங்கள், அனுமதியின்றிப் படமெடுக்க வேண்டாம்.

காலில் தெம்பு மிச்சமிருந்தால் ஏரிப் பக்கமுள்ள புனித தாமஸ் தேவாலயம் வரை செல்லலாம். வழிபாட்டு நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். ஆடத்தின் கல்லறை அங்கேதான் இருக்கிறது.