வேடிக்கை பார்ப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள்: மாணவர் தலைவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியில் ஒரு மாணவரைப் பட்டப்பெயர் சொல்லிச் சீண்டுவதும், விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவதும் பெரும்பாலும் ஆசிரியர் இல்லாத நேரத்தில், ஆனால் சக மாணவர்களின் கண்ணெதிரிலேயே நடக்கின்றன. கனடாவில் பள்ளி மாணவர்களின் நடத்தையைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001-இல் வெளியான ஆய்வொன்றில், சக மாணவர்கள் குறுக்கிட்ட தருணங்களில் 57 விழுக்காட்டில் துன்புறுத்தல் 10 நொடிக்குள் நின்றது தெரியவந்தது. மாணவர் தலைவராகிய உங்கள் வேலை காவல் காப்பதன்று. வேடிக்கை பார்ப்பவர்களைக் குறுக்கிடுபவர்களாக மாற்றுவதே.

முதலில், நடப்பது சண்டையா துன்புறுத்தலா என்று பிரித்தறியுங்கள். இத்துறையின் முன்னோடியான நார்வே உளவியலாளர் டேன் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களைக் கூறினார்: அது வேண்டுமென்றே செய்யப்படுவது, திரும்பத் திரும்ப நிகழ்வது, இருதரப்புக்கும் பலம் சமமாக இல்லாதது. சமபலமுள்ள இருவரின் சண்டையை நீங்கள் பேசித் தீர்த்துவைக்கலாம். துன்புறுத்தலில் மட்டும் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்லாதீர்கள். பாதிக்கப்பட்டவர் அச்சத்தினாலேயே "பரவாயில்லை" என்று சொல்லிவிடுவார். அதற்கான விலையை நீங்கள் இல்லாத இடத்தில் கொடுப்பார்.

வருகைப்பதிவு நேரத்தை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் ஒரு பெயரை வாசித்ததும் பின்வரிசையில் ஒரு செருமல் கேட்கிறது. நான்கைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். பெயருக்குரியவர் "உள்ளேன்" என்பதைத் தமக்கே கேட்காத குரலில் சொல்லிவிட்டுக் குனிந்துகொள்கிறார். இங்கே செருமியவர் ஒருவர்தான் என்றாலும், அந்தச் செருமலை நாளைக்கும் வரவழைப்பது அந்தச் சிரிப்பு. பின்லாந்தின் உளவியலாளர் கிறிஸ்டினா சால்மிவல்லியும் அவருடைய குழுவினரும் 1996-இல் இதையே வகைப்படுத்திக் காட்டினார்கள்: துன்புறுத்துபவருக்கு உதவுவோர், சிரித்து ஊக்குவிப்போர், விலகி நிற்போர், பாதிக்கப்பட்டவருக்குத் துணைநிற்போர் என வகுப்பு பிரிந்து நிற்கிறது. ஆகவே சிரித்தவர்களைத் தனித்தனியே சந்தித்து, "அவர் முகத்தைப் பார்த்தாயா? அடுத்த முறை நீ சிரிக்காமல் இருந்தாலே போதும்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். கூட்டமாக வைத்துக் கண்டித்தால் அவர்கள் ஒன்றுசேர்ந்துகொள்வார்கள்.

துன்புறுத்தல் கண்முன்னே நடக்கும்போது நீண்ட அறிவுரை வேண்டாம். "வா, நாம் நூலகத்துக்குப் போகலாம்" என்று பாதிக்கப்பட்டவரை அழைத்துக்கொண்டு நகர்வது எதிர்த்து வாதிடுவதைவிடப் பாதுகாப்பானது. அடிதடி என்றால் நடுவில் புகாமல் உடனே ஆசிரியரை அழையுங்கள்.

அதன்பின் பாதிக்கப்பட்டவருடன் உட்கார்ந்து கேளுங்கள்; "நீ ஏன் திருப்பிச் சொல்லவில்லை" என்று மட்டும் கேட்காதீர்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது நல்ல மனத்தோடு செய்யப்படும் பெரிய தவறு. அதற்குப் பதிலாக, "உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்வேன், நீயும் உடன் வா" என்று சொல்லுங்கள். மிரட்டல், பணம் பறித்தல், பாலியல் சீண்டல், உயிர்வாழ விருப்பமில்லை என்ற பேச்சு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே நம்பகமான ஆசிரியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அந்தச் சுமை உங்களுடையதன்று. நாள், இடம், நடந்தது ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கைப்பேசியில் வந்த இழிவான செய்திகளைச் சான்றாகச் சேமித்து ஆசிரியரிடம் காட்டுங்கள். வேறு எவருக்கும் அனுப்பாதீர்கள்.

இந்த வேலைக்காக நீங்கள் சேர்க்கும் மாணவர் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 56 பள்ளிகளில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், மாணவர் குழுக்களே துன்புறுத்தலுக்கு எதிராக இயங்கிய பள்ளிகளில் மோதல் குறித்த ஒழுங்குப் புகார்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன. சக மாணவர்களிடையே பரவலான தொடர்புடையோர் மிகுந்திருந்த குழுக்கள் கூடுதல் பலன் தந்தன. எனவே மதிப்பெண்ணையும் பணிவையும் மட்டும் பார்த்துச் சேர்க்காமல், மற்றவர்கள் யாருடைய போக்கைப் பார்த்து நடக்கிறார்களோ அவர்களையும், அடங்காதவர் என்று பெயரெடுத்திருந்தாலும், சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையிலுள்ள அதிகாரத்தையும் சோதித்துப் பாருங்கள். பேசுபவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் உரிமைகூட ஒருவரையே குறிவைக்கும் கருவியாகிவிடலாம். கடந்த வாரம் யார் பெயரை அதிகம் எழுதினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆசிரியர் தலையிட்டதும் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணவேண்டாம். துன்புறுத்தல் சில நாள் அடங்கியிருந்து, கண்காணிப்பு தளர்ந்ததும் வேறு வடிவில் திரும்பிவருவதுண்டு. ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும், யார் காதிலும் விழாத இடத்தில் பாதிக்கப்பட்டவரிடம் "இப்போது எப்படி இருக்கிறது?" என்று நீங்களே போய்க் கேளுங்கள்.