கட்டிலருகே ஜெபம்: நோயாளி இருக்கும் வீட்டாருக்கு

மாதக்கணக்கில் வைத்தியம் நடக்கும் வீட்டில் ஜெபம் ஆறுதலாகவும் இருக்கும், சில நாள் பாரமாகவும் ஆகிவிடும். பாரமாவதற்குக் காரணம் பெரும்பாலும் விசுவாசக் குறைவல்ல. நேரம் தவறுகிறது, நீளம் கூடுகிறது, சத்தம் அதிகமாகிறது.

முதலில் நேரம். குடும்ப ஜெபம் இரவு எட்டரைக்கு என்று காலங்காலமாக இருந்திருக்கலாம். இப்போது அதை மாத்திரை நேரத்தோடு சேர்த்து வையுங்கள். வலி மாத்திரை கொடுத்து முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் உடம்பு சற்று அடங்கும். அதுதான் ஜெபவேளை. வேதத்திலிருந்து ஒரு சங்கீதம், ஒரு பாட்டில் இரண்டு சரணம், ஒரு சின்ன ஜெபம், கர்த்தர் கற்பித்த ஜெபம் என்று பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். கீமோ (புற்றுநோய்க்கான மருந்து) ஏற்றிய மறுநாள் குமட்டிக்கொண்டிருந்தால் ஒரே ஒரு வசனம் போதும்.

வாசிப்பவர் கால்மாட்டில் நிற்க வேண்டாம். தலைமாட்டுப் பக்கம் நாற்காலி போட்டு, படுத்திருப்பவரின் கண்மட்டத்துக்கு வாருங்கள். ஒரு வசனம் வாசித்து, அவர் ஒருமுறை மூச்சிழுத்து விடும்வரை நிறுத்தி, அடுத்ததற்குப் போங்கள். 23ஆம் சங்கீதத்துக்கு ஆறு வசனம், 121க்கு எட்டு. இந்த வேகத்தில் வாசித்தாலும் அலுக்காது. அவர் சிறுவயதில் மனப்பாடம் செய்த மொழிபெயர்ப்பையே எடுங்கள். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்று நீங்கள் நிறுத்தினால், “நான் தாழ்ச்சியடையேன்” என்று அவர் உதடு தானாக அசையும். அந்தப் பாதியை அவருக்கே விட்டுவிடுங்கள்.

வாக்குத்தத்த வசனங்களை மட்டும் அடுக்கிக்கொண்டே போவது தவறு என்பது எங்கள் உறுதியான எண்ணம். வலியில் இருப்பவருக்கு அழவும் வார்த்தை வேண்டும். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று தொடங்கும் 13ஆம் சங்கீதம் அதற்குத்தான். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதம்தான். அவர் கேட்டால் தயங்காமல் வாசியுங்கள்.

ஜெபிக்க வருகிறவர்களிடம் வாசலிலேயே “ஐந்து நிமிடம், மெல்லிய குரலில்” என்று சொல்லிவிடுங்கள். வேதத்தில், துன்பத்தில் கிடந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் புண்படுத்தினார்கள். எந்தப் பாவத்தால் இந்த நோய் வந்தது என்று யாராவது ஆரம்பித்தால் “இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல” என்ற யோவான் 9:3ஐக் காட்டிப் பேச்சை நிறுத்துங்கள். மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம் என்பவரை உள்ளே விடவே வேண்டாம். பவுலின் அன்புக்குரிய லூக்கா வைத்தியர்தான் (கொலோசெயர் 4:14).

எண்ணெய் பூசுவதில் கவனம் வேண்டும். கதிர்வீச்சு சிகிச்சை நடக்கும் இடத்தில் மருத்துவர் சொல்லாத எந்த எண்ணெயும் படக்கூடாது. வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்ததானாலும் அப்படித்தான். தோல் புண்ணாகலாம், சிகிச்சைக்காக வரைந்த கோடுகள் அழிந்துவிடலாம். நெற்றியில் ஒரு துளி போதும். விழுங்கச் சிரமப்படுபவருக்கு எண்ணெயைக் குடிக்கக் கொடுக்காதீர்கள், புரையேறும்.

கத்தோலிக்கர் வீடுகளில் நோயில்பூசுதலை, அதாவது குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் அருட்சாதனத்தை, தள்ளிப்போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ‘அவஸ்தைப் பூசுதல்’ என்ற பழைய பெயரால், சாமியார் வந்தாலே முடிவு என்ற பயம் மனதில் தங்கிவிட்டது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இதன் முறையைப் புதுப்பித்தார். கடும் நோயின் தொடக்கத்திலும் பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பும் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். நெற்றியிலும் கைகளிலும் பூசுவார்கள். நினைவோடு இருக்கும்போதே அழைத்தால் அவரே பதில் சொல்லி ஜெபிப்பார், பாவசங்கீர்த்தனமும் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்யலாம். அதற்காகப் பத்து நிமிடம் எல்லாரும் அறையை விட்டு வெளியே இருங்கள். மேசையில் வெள்ளைத் துணி, சிலுவை, தீர்த்தம், ஒரு டம்ளர் தண்ணீர், சின்ன ஸ்பூன் வையுங்கள். ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது, பேட்டரி விளக்கு வைக்கலாம். மூச்சுத்திணறல் உள்ளவரிடம் சாம்பிராணியும் வேண்டாம்.

நன்மை (நற்கருணை அப்பம்) கொடுப்பதற்கு முன் தலையணைகள் வைத்து நிமிர்த்தி உட்காரவையுங்கள். இரண்டு ஸ்பூன் தண்ணீரில் நாக்கை நனைத்தால் அப்பம் அண்ணத்தில் ஒட்டாது. சின்னத் துண்டு போதும் என்று முன்பே சொல்லிவையுங்கள். பிறகு அரை மணி நேரமாவது படுக்கவிட வேண்டாம். நன்மை வாங்குமுன் ஒரு மணி நேரம் சாப்பிடக்கூடாது என்ற கத்தோலிக்க உபவாச விதி நோயாளிக்கும் அவரைக் கவனிப்பவருக்கும் கிடையாது. பொதுக்கிண்ணத்தில் திருவிருந்து கொடுக்கும் சபைகளில், கீமோவால் வெள்ளணு (நோய்த்தொற்றை எதிர்க்கும் இரத்த அணு) குறைந்திருப்பவருக்குத் தனிக் கிண்ணம் கேளுங்கள், போதகர் மறுக்கமாட்டார். வாய்ப்புண் இருந்தால் திராட்சரசம் எரியும், அப்பம் மட்டும் போதும்.

வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மனம் நோக வேண்டாம். வாயால் வாங்க முடியாத நோயாளி மனந்திரும்பி விசுவாசத்தோடு நன்றி செலுத்தினால் அவர் மெய்யாகவே பங்குபெறுகிறார் என்று ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபபுத்தகமே சொல்கிறது. இதைப் போதகரே அவர் காதில் படச் சொல்லட்டும். அவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

நினைவு தப்பிய பிறகும் காது கேட்கக்கூடும் என்றே எண்ணிப் பேசுங்கள். புதுப் பாட்டு, நீண்ட ஜெபம் எதுவும் வேண்டாம். காதருகே குனிந்து, அவருக்குப் பழகிய வசனம் ஒன்றை மெல்லச் சொல்லி, கொஞ்ச நேரம் விட்டு அதையே மறுபடி சொல்லுங்கள். கையைப் பிடித்திருப்பவர் யாரோ, அவரே பிடித்திருக்கட்டும்.