காசிமேட்டுக் கடைக் கணக்குக்கு ஒரு டேட்டாபேஸ்: எதை எடுப்பது, எப்படித் தொடங்குவது

எங்கள் கடை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. விசைப்படகுகளுக்கான இன்ஜின் உதிரிபாகம், ஃபில்டர், பெல்ட், கயிறு, ஷேக்கிள் விற்கிறோம். பாதி வியாபாரம் கடனில்தான் ஓடும். அப்பா காலத்திலிருந்து நீளமான பற்று நோட்டுகள்தான் கணக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொருக்குப்பேட்டையில் இருக்கும் குடோனில் தண்ணீர் ஏறி, மூன்று வருட நோட்டுகள் ஊறிப்போயின. பால்பாயின்ட் பேனாவில் எழுதிய பக்கங்களை உலர்த்திப் படிக்க முடிந்தது. ஜெல் பேனாவில் எழுதியவை நீலக் கறையாகிவிட்டன. அதற்கு மேலும் நோட்டை நம்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

கணினிக்கு மாற எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அதில் நான்கு மாதம் தப்பான வழியில் போய்த் திரும்பி வந்த நேரம். அந்த நான்கு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எக்செல்லில் வரிசை, பத்தி போட்டுக் கூட்டல் பார்க்கத் தெரிந்தால் போதும்.

1. கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள்

எந்த மென்பொருளையும் இறக்க வேண்டாம், இப்போதைக்கு. கடை சாத்தும் நேரத்தில் உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம் என்ன என்று எழுதுங்கள். எங்கள் தாளில் மூன்று இருந்தன. இந்தப் படகு ஓனர் மொத்தம் எவ்வளவு பாக்கி? எந்தச் சரக்கு பத்துக்குக் கீழே வந்துவிட்டது? தடைக்காலத்தில் சரக்கு எடுத்துவிட்டு, கடலுக்குப் போய் ஒரு மாதம் ஆகியும் பணம் கொடுக்காதவர் யார்?

மூன்றாவதுதான் எங்களுக்கு உயிர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகு கரையில் நிற்கும் அந்தச் சமயத்தில்தான் இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பார்கள். எங்களுக்கு விற்பனை கூடும், கல்லாவில் காசு இருக்காது. எவ்வளவு பாக்கி என்பதோடு எந்தத் தேதியில் ஏறிய பாக்கி என்பதும் தெரிந்தால்தான் ஜூலையில் யாரிடம் போய்க் கேட்பது என்று புரியும்.

உங்கள் தாளில் ஜிஎஸ்டி பில், வரித் தாக்கல், லாப நட்டம் மட்டும் இருந்தால் டேட்டாபேஸ் வேண்டாம். டாலி போன்ற கணக்கு மென்பொருளே சரி. நாங்களும் பில்லுக்கு அப்படி ஒன்றைத்தான் வைத்திருக்கிறோம். அதற்குள் அடங்காத கேள்விகளுக்குத்தான் டேட்டாபேஸ்.

2. டேபிள்களைப் பென்சிலால் வரையுங்கள்

நான் விழுந்த இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டேட்டாபேஸில் தகவல் டேபிள்களாக இருக்கும், டேபிள் என்பது எக்செல் ஷீட் போன்ற கட்டம். அதில் ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்ட ஒரு பிரைமரி கீ வேண்டும். ஒரே மதிப்பு இரண்டு வரிகளில் வரக்கூடாது. ஆள் பெயர் இதற்கு உதவாது. எங்கள் நோட்டில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். படகுப் பதிவு எண் ஒவ்வொரு படகுக்கும் தனித்தனி, படகின் மேலேயே பெயின்டில் எழுதியிருக்கும். ஆகவே அதையே கீயாக வைத்து, ஓனர் பெயர், போன், பாக்கி எல்லாவற்றையும் அந்த எண்ணோடு கட்டினேன். நான்கு மாதம் நன்றாக ஓடியது.

பிறகு ஒருவர் படகை விற்றுவிட்டார். வாங்கியவர் கடைக்கு வந்தார், நான் ஓனர் பெயரை மட்டும் மாற்றினேன். பழைய ஓனர் வைத்திருந்த 18,000 ரூபாய் பாக்கி புதியவர் தலையில் ஏறி நின்றது. அவர் அன்றைக்குத்தான் முதன்முதலில் கடைப்படி ஏறியிருக்கிறார். "ஏன்பா, நான் எப்போ வாங்கினேன்?" என்று கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. அப்பா பழைய நோட்டைப் புரட்டித்தான் சரி செய்தார்.

கடன் ஆளோடு போகும், படகு கைமாறும். இரண்டையும் ஒரே டேபிளில் வைத்தால் இந்த வம்பு வந்தே தீரும். இப்போது எங்களிடம் நான்கு டேபிள்கள். ஓனர் டேபிளில் நாங்களே கொடுக்கும் ஓனர் எண், பெயர், போன், பகுதி. படகு டேபிளில் பதிவு எண், இன்றைய ஓனர் எண். சரக்கு டேபிளில் சரக்கு எண், பெயர், விலை, இருப்பு. பற்றுவரவு டேபிளில் தேதி, ஓனர் எண், படகு எண், சரக்கு எண், பற்றா வரவா, தொகை. படகை விற்றால் படகு டேபிளில் ஒரு எண்ணை மாற்றுவோம். பற்றுவரவில் உள்ள பழைய வரிகள் பழைய ஓனர் எண்ணோடு அப்படியே இருக்கும்.

நீங்கள் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தால் படகுக்குப் பதில் வண்டி. எம்.சி. ரோட்டில் துணிக்கடை என்றால் மொத்தமாக வாங்கும் ஆளும் அவர் கடையும். எந்தத் தொழிலிலும் இப்படிக் கைமாறும் பொருள் ஒன்று இருக்கும். அதை முதலில் கண்டுபிடியுங்கள்.

ஃபீல்டு (டேபிளின் பத்தி) வகை பற்றி மூன்று விஷயம். போன் நம்பர் எழுத்து வகையாக இருக்கட்டும். எண் வகை கொடுத்தால் 044-இல் தொடங்கும் லேண்ட்லைன் 44 ஆகிவிடும். ஜிஎஸ்டி எண்ணும் எழுத்து வகைதான், 15 இடம். தமிழ்நாட்டு எண் 33-இல் தொடங்கும், அடுத்த 10 இடம் பான் எண். பணத்துக்கு டெசிமல் வகை, தசம இடம் 2. ஃப்ளோட், டபுள் என்ற தோராய எண் வகைகள் வேண்டாம், கூட்டலில் பைசா பிசகும்.

3. இப்போது மென்பொருள்

எம்எஸ் அக்சஸ். 1992 முதல் இருக்கிறது. ஃபார்ம் (பதிவு போடும் திரை), ரிப்போர்ட் (அச்சிடும் அறிக்கை) செய்ய இதைவிடச் சுலபமான ஒன்றை நான் பார்க்கவில்லை. விண்டோஸில் மட்டும் ஓடும். ஒரு கோப்பு 2 ஜிபிக்கு மேல் போகாது, சின்னக் கடைக்கு அந்த அளவு எட்டவே எட்டாது. கடையில் ஏற்கெனவே அக்சஸோடு வந்த ஆபிஸ் இருந்தால் யோசிக்காமல் இதையே எடுங்கள். இரண்டாவது கவுன்டரில் பதிவு மட்டும் போட அக்சஸ் ரன்டைம் போதும், அது இலவசம்.

லிப்ரே ஆபிஸ் பேஸ். முழுக்க இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். நாங்கள் எடுத்தது இதுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய கணினிக்கு இதுவே தாராளம். அக்சஸ் அளவுக்கு வழவழப்பாக இருக்காது, இரண்டு இடத்தில் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். அந்த இரண்டையும் கீழே சொல்கிறேன்.

எஸ்க்யூலைட். டேட்டாவைப் பத்திரமாக வைக்க இதைவிட நம்பகமான கோப்பு வடிவம் சின்னக் கடைக்குத் தேவையில்லை. டிபி பிரவுசர் என்ற இலவசக் கருவியால் திறக்கலாம். ஆனால் அதில் ஃபார்ம் இல்லை. கவுன்டரில் நிற்கும் அக்காவிடம் வெறும் கட்டத்தைக் காட்டி நிரப்பச் சொல்வது நியாயமில்லை. நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள்.

ஃபைல்மேக்கர் அழகானது, ஐபேடிலும் ஓடும். ஒற்றைக் கவுன்டர் கடைக்கு அந்த விலை கட்டாது.

எதை எடுத்தாலும், டேட்டாவை முழுதாக வெளியே எடுக்க முடியுமா என்று வாங்கும் முன்பே சோதியுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆறு வருடம் கழித்தும் கோப்பு திறக்க வேண்டும் அல்லவா? சௌகார்பேட்டைப் பக்கம் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் கணக்கு வைத்திருந்தவர்கள் நிறையப் பேர். 2015 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது. உங்களிடம் அதன் பழைய டிபிஎஃப் கோப்பு இருந்தால் லிப்ரே ஆபிஸில் எக்செல் போல இருக்கும் கால்க்கில் திறந்து பாருங்கள், பெரும்பாலும் திறக்கும்.

4. பேஸில் தொடங்குவது

லிப்ரே ஆபிஸை நிறுவுங்கள். கூடவே ஜாவாவும் வேண்டும், பேஸின் உள்ளே டேட்டாவைக் கையாளும் ஹெச்எஸ்க்யூஎல்டிபி அதில்தான் ஓடுகிறது. லிப்ரே ஆபிஸ் 64 பிட் என்றால் ஜாவாவும் 64 பிட்டாக இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஜாவாவே இல்லை என்று செய்தி வரும்.

பேஸைத் திறந்து புது டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கிச் சேமியுங்கள். பிறகு டிசைன் வியூவில் நான்கு டேபிள்களையும் வெறுமையாகச் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் அதற்கே உரிய எண் ஃபீல்டின் (ஓனர் எண், படகுப் பதிவு எண், சரக்கு எண்) இடது ஓரத்தில் வலது கிளிக் செய்து பிரைமரி கீ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பற்றுவரவு டேபிளுக்கு முதல் ஃபீல்டாக ஒரு வரிசை எண் வைத்து, அதையே கீயாக்கி, ஆட்டோவேல்யூ என்பதில் யெஸ் (Yes) கொடுங்கள்.

இதுதான் பொறுமையைச் சோதிக்கும் முதல் இடம். பிரைமரி கீ இல்லாத டேபிளை பேஸ் திறந்து காட்டும், ஆனால் ஒரு வரிகூடச் சேர்க்க விடாது. ஏன் என்றும் சொல்லாது. நான் எக்செல்லிலிருந்து நேராக ஒட்டி, கீ உருவாக்கும் பெட்டியில் டிக் போடாமல் விட்டுவிட்டு, கணினியில்தான் கோளாறு என்று நினைத்து லிப்ரே ஆபிஸையே இரண்டு முறை அழித்து நிறுவினேன். புது வரி சேர்க்க முடியவில்லை என்றால் முதலில் கீ இருக்கிறதா என்று பாருங்கள்.

டேபிள் தயாரானதும் எக்செல் கோப்பைக் கால்க்கில் திறந்து, தலைப்போடு காப்பி செய்து, பேஸின் டேபிள்ஸ் பகுதியில் ஒட்டுங்கள். வரும் சாளரத்தில் டேபிள் பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுத்து, அப்பெண்ட் டேட்டா என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதலில் ஐந்தே ஐந்து வரியை ஒட்டிச் சரிபாருங்கள்.

ஃபார்ம் செய்ய விஸார்டு இருக்கிறது, அது கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். பாக்கித் தொகைக்கு ஒரு குவெரி வேண்டும், அதாவது டேபிளிடம் கேட்கும் கேள்வி. பற்றுக்குக் கூட்டல் தொகை, வரவுக்குக் கழித்தல் தொகை என்று பதிவு செய்தால் வேலை எளிது. குவெரி டிசைனில் ஓனர் எண்ணுக்குக் கீழே ஃபங்ஷன் வரியில் குரூப், தொகைக்குக் கீழே சம். அவ்வளவுதான், ஒவ்வொருவர் பாக்கியும் வந்து நிற்கும்.

5. சேமிப்பதும் நகல் எடுப்பதும்

பொறுமையைச் சோதிக்கும் இரண்டாவது இடம். ஃபார்மில் ஒரு வரியைப் பதிவு செய்தால் அது சேமிக்கப்பட்டுவிட்டது என்று தோன்றும். பேஸில் அது தற்காலிக இடத்தில்தான் இருக்கும். முதன்மைச் சாளரத்துக்குப் போய்க் கோப்பைச் சேமித்தால்தான் கோப்புக்குள் போகும். நடுவில் கரண்ட் போனால் அதுவரை போட்டது காணாமல் போகலாம். ஒரு சனிக்கிழமை காலை முழுக்கப் போட்ட பதிவுகளை இப்படித்தான் இழந்தேன். இப்போது பத்து வரிக்கு ஒருமுறை சேமிக்கிறோம், ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கிவிட்டோம். யுபிஎஸ் இல்லாமல் பேஸ் வேண்டாம் என்றே சொல்வேன்.

இரவு பேஸை மூடிய பிறகு கோப்பைத் தேதி போட்டு இரண்டு பென்டிரைவில் நகல் எடுக்கிறோம். ஒன்று கடையில், ஒன்று தண்டையார்பேட்டை வீட்டில், இரண்டாவது மாடியில்.

பின்சேர்க்கை: இரண்டு கணினி

படித்தவர்களில் சிலர் இரண்டு கவுன்டரில் ஒரே நேரத்தில் பதிவு போட முடியுமா என்று கேட்டார்கள். நான் சொன்ன பேஸ் கோப்பில் முடியாது, ஒருவர்தான் திறக்கலாம். அப்படித் தேவை என்றால் அக்சஸை இரண்டாகப் பிரித்து, டேபிள்கள் உள்ள கோப்பை ஒரு கணினியிலும் ஃபார்ம்களை ஒவ்வொரு கவுன்டரிலும் வையுங்கள். நடுவில் நெட்வொர்க் கேபிள் போடுங்கள். வைஃபையில் இணைப்பு விட்டு விட்டு வந்தால் கோப்பு கெட்டுப்போகும். ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற ஒத்திசைவு ஃபோல்டரிலும் அதை வைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: தமிழில் தேடினால் பாதிதான் வருகிறது

இது எனக்கும் நடந்தது. கொருக்குப்பேட்டை ஓனர்களைத் தேடினால் பாதிப் பேர்தான் வந்தார்கள். கணினியில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒன்றில் ொ ஒரே குறி. இன்னொன்றில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு சொல். பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது இது அதிகம் வரும். பேஸில் ஒட்டுவதற்கு முன்பே கால்க்கின் தேடி மாற்றும் வசதியால் தனிக் குறிகளை ஒரே குறியாக மாற்றிவிடுங்கள். ோ-வுக்கும் இதே வேலை.

சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) வழியாக மாற்றுகிறவர்களுக்கு: எக்செல்லில் வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும், அந்தக் கோப்பிலிருந்து மீட்கவே முடியாது. சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், ௌ-க்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ள எழுத்தும் போட்டு அடித்திருப்பதையும் இதேபோல மொத்தமாக மாற்றலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். உங்கள் சரக்குப் பட்டியலில் கெளுத்தி இருக்கும். அதில் உள்ள ள உண்மையான ள. மொத்தமாக மாற்றினால் அந்தப் பெயர் உடைந்துவிடும். ௌ வரும் பெயர்கள் குறைவுதான், அவற்றை வடிகட்டி எடுத்து, கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.