செம்மறி ஆட்டில் மரபணு வேறுபாட்டை அளப்பது எப்படி?

கடலூர்ப் பக்கம் வயலில் கிடை போட்டிருக்கும் மெட்ராஸ் ரெட் ஆடுகளைப் பார்த்தால் எல்லாம் ஒரே சிவப்பு. உள்ளே மரபணு எவ்வளவு வேறுபடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதை மைக்ரோசாட்டிலைட் குறியீடுகளை வைத்து அளக்கும் முறை இது. டிஎன்ஏவில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடங்கள்தான் அவை; எத்தனை முறை வருகிறது என்பதைப் பொறுத்து நீளம் மாறும். புதுச்சேரி குரும்பாபேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவருக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

படி 1: ஆடு தேர்வு

பெரும்பாலும் வேலை கெடுவது இங்கேதான். ஓர் இனத்துக்குக் குறைந்தது 25, முடிந்தால் 40 ஆடுகள் வேண்டும். நாற்பதையும் ஒரே கிடையில் எடுத்தால் அலைச்சல் மிச்சம், ஆனால் முடிவு வீண். அத்தனையும் ஒரே கிடாவுக்குப் பிறந்தவையாக இருக்கலாம். ஊர் ஊராகத் தள்ளிப் போய், மந்தைக்கு இரண்டு மூன்று மட்டும் எடுங்கள். "இந்தக் கிடா எங்க வாங்குனது அண்ணே?" என்று ஆட்டுக்காரரிடம் கேளுங்கள். எழுதி வைத்திருக்க மாட்டார், ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார். முந்தைய ஊரில் பார்த்த கிடாவின் உடன்பிறப்பு என்று தெரிந்தால் அந்த மந்தையை விட்டுவிடுங்கள்.

படி 2: ரத்தம்

கழுத்து ரத்தக்குழாயிலிருந்து 5 மில்லி போதும். கால்நடை மருத்துவர் எடுக்கட்டும். ரத்தம் உறையாமல் காக்கும் இடிடிஏ குழாயில் விட்டு, மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், பிசிஆரை (டிஎன்ஏவின் குறிப்பிட்ட பகுதியைப் பல மடங்கு நகலெடுக்கும் வேலையை) கெடுக்கும்.

படி 3: ஆய்வகம்

டிஎன்ஏவைப் பிரித்தபின் அது சுத்தமாக இருக்கிறதா என்று காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8 அருகே வருகிறதா பாருங்கள். அப்புறம் பிசிஆர். செம்மறிக்கென்று உலக உணவு வேளாண் நிறுவனம் 30 குறியீடுகளைப் பரிந்துரைத்திருக்கிறது. அதிலிருந்து எடுத்தால்தான் மேச்சேரி, வேம்பூர் ஆடுகளில் மற்றவர்கள் கண்டதோடு ஒப்பிட முடியும். டிஎன்ஏ துண்டுகளின் நீளத்தை அளக்கும் கேப்பிலரி சீக்வென்சர் ஒவ்வொரு ஆட்டுக்கும் குறியீட்டுக்கு இரண்டு நீளங்கள் தரும்: தாய் வழியில் ஒன்று, தகப்பன் வழியில் ஒன்று.

படி 4: கணக்கு

ஆட்டுக்கு இரண்டு வீதம், 40 ஆடுகள் என்றால் ஒரு குறியீட்டுக்கு 80 பிரதிகள். ஒரு குறியீட்டில் மூன்று நீளங்கள் 40, 24, 16 முறை வந்ததாக வைத்துக்கொள்வோம். அதாவது 0.5, 0.3, 0.2. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 0.38, ஒன்றிலிருந்து கழித்தால் 0.62. இது எதிர்பார்க்கும் ஹெட்டிரோசைகோசிட்டி, அதாவது உறவு பாராமல் கலந்தால் இரண்டு நீளங்களும் வேறாக இருக்க வேண்டிய ஆடுகளின் பங்கு. நிஜத்தில் இரண்டு நீளங்களும் வேறாக உள்ள ஆடுகள் 20தான் என்றால் அது 0.50. இனி, எதிர்பார்த்ததைவிட நிஜம் எவ்வளவு பங்கு குறைவு என்று பார்த்தால், 1 − (0.50 ÷ 0.62) = 0.19. மீதிக் குறியீடுகளுக்கு எக்செல்லில் இயங்கும் ஜீன்அலெக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

0.19ஐப் பார்த்ததும் 'நெருங்கிய உறவில் இனப்பெருக்கம்' என்று எழுதிவிட வேண்டாம். ஒரு குறியீட்டில் மட்டும் இப்படி வந்தால், பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டாமல் ஒரு பிரதி தெரியாமல் போயிருக்கலாம். எல்லாக் குறியீட்டிலும் வந்தால் சரி, உறவுக்குள் கலப்பைச் சந்தேகிக்கலாம். அப்போதும், தனித்தனியே வளர்ந்த இரண்டு வட்டார ஆடுகளை ஒரே கூட்டமாகக் கணக்கில் சேர்த்துவிட்டோமா என்று முதலில் பிரித்துப் போட்டுப் பாருங்கள்.