உங்கள் ஊர் ஊராட்சியா, பேரூராட்சியா? மனு எழுதும் முன் பாருங்கள்

தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று மனுவோடு கிளம்பும் முன், உங்கள் ஊரை நடத்துவது கிராம ஊராட்சியா பேரூராட்சியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கடைத்தெருவும் பஸ் ஸ்டாண்டும் இருப்பதால் மட்டும் ஊர் பேரூராட்சி ஆகிவிடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரம் என்று இருந்தாலும் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு விவசாயம் அல்லாத வேலை என்று அவர்கள் அளப்பது தனிக் கணக்கு, அப்படிப்பட்ட பல ஊர்களை இன்றும் கிராம ஊராட்சிதான் நடத்துகிறது.

வீட்டு வரி ரசீதின் தலைப்பைப் பாருங்கள், அதிலேயே இருக்கும். ரசீது கையில் இல்லையா, உள்ளாட்சித் தேர்தலை நினைத்துப் பாருங்கள். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நாலு ஓட்டு போட்டிருந்தால் கிராம ஊராட்சி. வார்டு கவுன்சிலருக்கு ஒரே ஓட்டு என்றால் பேரூராட்சி அல்லது அதற்கு மேல்.

இந்த ஓட்டு வித்தியாசம் அதிகாரத்திலும் உண்டு. கிராமத்தில் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம், காசோலையில் அவரும் கையெழுத்துப் போடுவார், அவருக்கு மேலே வட்டார வளர்ச்சி அலுவலர். கொடுமுடி, வேளாங்கண்ணி மாதிரிப் பேரூராட்சியில் கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் நிர்வாகம் அரசு நியமிக்கும் செயல் அலுவலர் கையில். அதனால் மனுவை அவர் பெயருக்கே எழுதுங்கள், நகலை உங்கள் வார்டு கவுன்சிலருக்குக் கொடுங்கள். அங்கே நகரவில்லை என்றால் பேரூராட்சிகளின் உதவி இயக்குநர், அப்புறம் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம். தேர்தல் நடக்காமல் பதவிக்காலம் முடிந்துவிட்டால் மன்றத்தின் வேலையைத் தனி அலுவலர் பார்ப்பார். பட்டா, சாதிச் சான்றிதழுக்கு இரண்டு இடத்திலும் போகாதீர்கள், அது வருவாய்த் துறையின் வேலை, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

ஊரைப் பேரூராட்சியாகத் தரம் உயர்த்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தால் பெருமைப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் கிராமப்புறத்துக்கு மட்டும்தான், தரம் உயர்ந்ததும் அது போய்விடும், வரியும் ஏறலாம். கிராம சபையும் கிடையாது, அதற்குப் பதில் வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்கள் கூடும் பகுதி சபைதான். கூலி வேலையை நம்பியிருக்கும் குடும்பங்கள் நிறைய உள்ள ஊரில் இது சின்ன விஷயமே இல்லை. முடிவாகும் முன் அரசு ஆட்சேபம் கேட்கும். அந்தக் கெடுவுக்குள் எழுத்தில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.