வெளிச்சுவரில் மரப்பலகை: ஈரக்காற்றுள்ள இடங்களில் அடிக்கும் முறை

வெளிச்சுவரில் அடித்த மரம் நனையாமல் இருக்காது. எவ்வளவு நல்ல பெயிண்ட் பூசினாலும், எவ்வளவு நெருக்கிப் பொருத்தினாலும், காற்றோடு அடிக்கும் சாரல் ஏதோ ஓர் இடுக்கு வழியாகப் பலகைக்குப் பின்னால் போய்விடும். வறண்ட இடத்தில் அது இரண்டு நாளில் காய்ந்துவிடும். காற்றே ஈரமாக இருக்கும் இடத்தில் காயாமல் ஊறிக்கொண்டே கிடக்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்கும்வரை மட்கவைக்கும் பூஞ்சை அதில் பிடிக்காது. 28–30 சதவீதத்தைத் தாண்டி நீண்ட நாள் இருந்தால் மட்கத் தொடங்கும். ஆகவே தண்ணீரைத் தடுப்பது பாதி வேலைதான். உள்ளே போனது வடியவும் காயவும் வழிவிடுவது மீதிப் பாதி. பெரும்பாலும் விட்டுப்போவது இந்த மீதிப் பாதிதான்.

பலகையைத் தேர்ந்து பழக்குவது

வைரம் பாய்ந்த பகுதியில் அறுத்த பலகையாகப் பார்த்து வாங்குங்கள். ஓரத்து வெள்ளை எந்த மரத்தில் இருந்தாலும் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் தாங்காது. தேக்கின் வெள்ளையும் இதற்கு விலக்கில்லை. செலவைக் குறைக்க வேண்டுமானால் அழுத்தம் கொடுத்து மருந்தேற்றிய பைன் போதும். தடிமன் 18–20 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அகலம் 150 மி.மீ.யோடு நிற்கட்டும்; அதைவிட அகலமான பலகை வெயில் பட்டதும் கிண்ணம்போல் வளையும்.

காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மரம் தன் ஈரத்தை மாற்றிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும் இடத்தில் மரம் சுமார் 16 சதவீதத்தில் வந்து நிற்கும். சூளையில் 10 சதவீதத்துக்கு உலர்த்திய பலகையை வண்டியிலிருந்து இறக்கிய அன்றே அடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணமாக அறுத்த பலகை, ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் அகலத்தில் ஏறத்தாழ 0.25 சதவீதம் வீங்கும். 150 மி.மீ. பலகை 10-இலிருந்து 16-க்குப் போனால் இரண்டு மி.மீ.க்கு மேல் விரியும். இருபது வரிசைக்கு 4 செ.மீ.க்கும் அதிகம். இடம் விடாமல் இறுக்கி அடித்த சுவர் முதல் மழைக்காலத்திலேயே தொந்தி தள்ளுவது இதனால்தான். நீளவாக்கில் மரம் அசைவது மிகச் சொற்பம். அந்தக் கவலை வேண்டாம்.

எனவே பலகைகளைக் கூரைக்கு அடியில், பக்கங்கள் திறந்திருக்கும் இடத்தில் இரண்டு வாரம் அடுக்கி வையுங்கள். ஏசி போட்ட அறையில் வைத்தால் பயனில்லை, மரம் இன்னும் காய்ந்துவிடும். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், அடுக்குக்கு அடுக்கு அரை மீட்டர் இடைவெளியில் 20 மி.மீ. குச்சிகள் கொடுத்து அடுக்க வேண்டும். ஈரம் அளக்கும் மீட்டரில் பார்த்து 12–16 சதவீதத்துக்குள் வந்த பிறகே கை வைக்கலாம்.

அடிப்பதற்கு முன்பே பிரைமர் அல்லது எண்ணெய்ப் பூச்சு ஆறு பக்கமும் ஏறியிருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் பூசினால் பின்பக்கம் ஈரத்தை உறிஞ்சி வீங்கும், பலகை முறுக்கிக்கொள்ளும். வெட்டிய முனைகள் இன்னும் மோசம். மரத்தின் குழாய்கள் அங்கேதான் திறந்திருக்கின்றன, முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக நீர் குடிக்கும். ரம்பத்துக்குப் பக்கத்திலேயே பூச்சு டப்பாவும் பிரஷும் இருக்கட்டும். வெட்டினவுடன் முனையில் இரண்டு கை பூசிவிட்டுத்தான் பலகை ஏணி ஏற வேண்டும். மட்கிய பலகைகளைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் அழுகல் முனையில் தொடங்கி நடுவுக்குப் போயிருக்கும்.

பின்னால் உள்ள இடைவெளி

முதலில் சுவர்மேல் நீர் புகாத, ஆனால் நீராவி போகக்கூடிய ஷீட் ஒட்ட வேண்டும். கீழிருந்து மேலாக, மேல் ஷீட் கீழ் ஷீட்டின்மேல் 150 மி.மீ. ஏறும்படி, ஓடு வேய்வதுபோல. வரிசை மாறினால் தண்ணீரை நாமே உள்ளே அழைத்த மாதிரி.

சாதாரண பாலிதீன் இதற்கு ஆகாது, சுவரின் உள்பக்கத்திலும் ஆகாது. குளிர்நாட்டு வழிமுறைகளில் உள்பக்கம் பாலிதீன் போடச் சொல்லியிருக்கும். அங்கே நீராவி வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிறது. வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில், ஏசி ஓடும் வீட்டில், அது நேர்எதிராக வெளியிலிருந்து உள்ளே வரும். குளிர்ந்த பாலிதீனில் பட்டு நீராகி, சுவரின் சட்டங்கள் ஊறும். வினைல் வால்பேப்பர் ஒட்டினாலும் இதே கதி. நனைந்த பலகையில் வெயில் அடிக்கும்போது இந்த உந்துதல் இன்னும் கூடும், அந்த ஆவியைச் சுவருக்குப் போகவிடாமல் அள்ளிக்கொண்டு போவதும் பின்னால் ஓடும் காற்றுதான்.

அந்தக் காற்றுக்கு வழி செய்வது ரீப்பர் கட்டை, அதாவது சுவருக்கும் பலகைக்கும் நடுவே அடிக்கும் ஒடுக்கமான மரச்சட்டம். மருந்தேற்றிய ரீப்பர், 45–50 மி.மீ. அகலம், 600 மி.மீ.க்கு ஒன்றாகச் செங்குத்தாக. மரச்சட்டச் சுவரில் ஆணி ரீப்பரைத் தாண்டிச் சட்டத்துக்குள் போய்விடும், 20 மி.மீ. தடிமன் போதும். செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் பலகையின் ஆணிக்கு ரீப்பரைத் தவிர வேறு பிடிப்பு இல்லை. ஆணி கெட்டி மரத்தில் 30 மி.மீ.யாவது இறங்க வேண்டும் என்பதால் அங்கே 35 மி.மீ. ரீப்பர் வேண்டும். 450–600 மி.மீ.க்கு ஒரு பிளக்-ஸ்க்ரூ போட்டு, ஸ்க்ரூ செங்கல்லுக்குள் 50 மி.மீ. போகும்படி முடுக்குங்கள். சுவரின் சிமெண்ட் பூச்சில் மட்டும் பிடித்தது நிற்காது. தூக்குக் குண்டு விட்டுப் பார்த்து, பள்ளமான இடங்களில் பிளாஸ்டிக் துண்டு முட்டுக்கொடுத்துச் சமன்செய்யலாம்.

பலகையையே செங்குத்தாக அடிப்பதானால் ரீப்பர் படுக்கைவாக்கில் வரவேண்டும். அப்படி வந்தால் காற்றும் தண்ணீரும் அதிலேயே தேங்கும். முதலில் செங்குத்து ரீப்பர், அதன்மேல் படுக்கை ரீப்பர் என இரண்டடுக்கு போடுங்கள். படுக்கை ரீப்பரின் மேல்விளிம்பை வெளிப்பக்கம் சரியும்படி இழைத்துவிட்டால் இன்னும் நல்லது.

இடைவெளி கீழும் மேலும் திறந்திருந்தால்தான் காற்று ஓடும். மேலே கூரையடிப் பலகையோடு முட்டவிட்டு அடைத்துவிடுவது சகஜமான தவறு. இரண்டு முனையிலும் துருப்பிடிக்காத பூச்சி வலையை ரீப்பருக்கு அடியில் மடித்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குளவி கூடு கட்டும்.

தகடுகள்

பலகைக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியாவது, இணைப்புகளில் தண்ணீரை வெளியே திருப்பிவிடும் உலோகத் தகட்டுக்குப் போக வேண்டும். ஜன்னல், கதவு நிலைக்கு மேலே ஒரு மடிப்புத் தகடு. அதன் மேல்கை ஷீட்டுக்கு உள்ளே போக வேண்டும், கீழ்விளிம்பு நிலையைத் தாண்டி வெளியே நீண்டு கீழ்நோக்கி மடங்க வேண்டும். தகட்டுக்கும் அதன்மேல் வரும் பலகைக்கும் நடுவே 6 மி.மீ. விடுங்கள். அந்த இடைவெளியைப் பார்த்ததும் சீலண்ட் அடைக்கக் கை துறுதுறுக்கும். அடைத்தால் மேலிருந்து வடிந்து வரும் நீர் தகட்டிலேயே நின்று பலகையின் அடிமுனையை ஊறவைக்கும். சீலண்ட் நிலையின் இரு பக்கங்களுக்கு மட்டும்.

தாழ்ந்த கூரை சுவரோடு சேரும் இடத்தில், கூரை முடிகிற முனையில் தண்ணீரைச் சுவரிலிருந்து வெளியே திருப்பிவிடும் வளைந்த தகடு வேண்டும். அது இல்லாத சுவரில் அந்த ஒரு மூலை மட்டும் சீக்கிரமே கெட்டுப்போகும். பலகையின் அடி, கூரைப்பரப்பிலிருந்து 50 மி.மீ., மண்ணிலிருந்து குறைந்தது 150 மி.மீ. மேலே நிற்கட்டும். தெறிக்கும் சேறு படாது. கரையான் மண்பாதை கட்டினாலும் கண்ணில் படும்.

தாமிர மருந்தேற்றிய கட்டையில் அலுமினியத் தகடு நேராகப் படக் கூடாது, அரித்துவிடும்.

அடிப்பது

ஆணி துருப்பிடிக்காத 304 ரக எஃகு. கடலுக்கு அருகில் 316. தேக்கு, சீடர், ஓக் மரங்களில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் ஒவ்வொரு ஆணிக்கும் கீழே கறுப்புக் கண்ணீர் வழியும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சும் அதே வேதிவினைதான். உடம்பில் வரி போட்ட ஆணியாக இருந்தால் பலகை ஈரத்தில் வீங்கிச் சுருங்கும்போது எளிதில் வெளியே தள்ளாது.

அடியில் ஒரு துண்டு ரீப்பர் வைத்து முதல் பலகைக்குச் சரிவு கொடுங்கள். ரசமட்டம் பார்த்து அதை நேராக்கிவிட்டால் மீதி தானாக வரும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பலகைக்கு 25–30 மி.மீ. ஏற்றம். ஒவ்வொரு ரீப்பரிலும் ஒரே ஓர் ஆணி, அதுவும் கீழ்ப்பலகையின் தலைக்குச் சற்று மேலே. இரண்டு பலகையையும் சேர்த்து அடித்தால் அவை தனித்தனியே அசைய முடியாமல் நடுவில் பிளக்கும். ஒரு விளிம்பில் நீட்டிய நாக்கும் மறு விளிம்பில் அது நுழையும் பள்ளமும் உள்ள நாக்கு-காடிப் பலகையில் நாக்கு மேல்நோக்கி. காடிக்குள் 2–3 மி.மீ. இடம் விட வேண்டும். காடி மேல்நோக்கி இருந்தால் அது தண்ணீர்த் தொட்டி. முனைக்கு அருகில் அடிக்கும்போது துளையிட்டு அடியுங்கள். ஆணித்தலை பலகை முகத்தோடு நிற்கட்டும். உள்ளே புதைந்தால் அந்தக் குழியில் நீர் நிற்கும்.

பலகைக்குப் பதிலாக வெளிப்புற பிளைவுட் தாள் போடுவோர் தாளுக்குத் தாள் 3 மி.மீ. விட வேண்டும். விளிம்பில் 150 மி.மீ.க்கு ஓர் ஆணி, நடுவில் 300 மி.மீ.க்கு ஒன்று. படுக்கை இணைப்பில் இசட் வடிவத் தகடு இல்லாமல் முடியாது. விளிம்பில் பூச்சு விடுபட்டால் அடுக்குகள் புத்தகம்போல் விரியும்.

அளவு: 6 மீ. × 3 மீ. சுவர், 2 சதுர மீட்டர் ஜன்னல் கழித்தால் 16 சதுர மீட்டர். 150 மி.மீ. பலகையில் ஏற்றம் 30 போக 120 மி.மீ. தெரியும். 16-ஐ 0.12-ஆல் வகுத்தால் சுமார் 133 மீட்டர், கழிவுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 147. ரீப்பர் 11 × 3 = 33 மீட்டர், ஜன்னலைச் சுற்றி அடிப்பதையும் சேர்த்து 40. ஆணி 300.

மேல்பூச்சைத் தள்ளிப்போடாதீர்கள். வெறும் மரம் இரண்டு மூன்று வாரம் வெயில் பட்டாலே மேல்தோல் சிதைந்து பெயிண்ட் ஒட்டும் திறன் குறையும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும், ஆனால் கழுவிவிட்டு மேலேயே பூசலாம். பெயிண்ட் நெடுநாள் நிற்கும். கெட்டால் சுரண்டியாக வேண்டும். கொப்புளம் வந்தால் உடனே மறுபூச்சு பூசாமல் அந்த இடத்தைக் கிழித்துப் பாருங்கள். அடியில் வெறும் மரம் தெரிந்தால் ஈரம் பின்னாலிருந்து வருகிறது. மேலே உள்ள தகட்டையும் மேல்முனைக் காற்றுவழியையும் சரிபார்த்த பிறகே பிரஷை எடுக்க வேண்டும்.